மாருதி இன்ஜினா, ரோடாக்ஸா? வேலூர்ப் பக்கம் விமானம் கட்ட நினைப்பவர்களுக்கு

ஆல்டோ இன்ஜினை விமானத்தில் வைத்துப் பறக்க முடியுமா என்றால், முடியும். கார் இன்ஜினை மாற்றிக் கட்டிப் பறந்தவர்கள் 1920களிலிருந்தே இருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதை வைத்து, ரோடாக்ஸ் போன்ற இருபது லட்ச ரூபாய் விமான இன்ஜினின் வேலையை வாங்கிவிடலாம் என்ற கணக்கில்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனைக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே ஒன்றரை அடி இடம் இருக்கிறது. காசும் காலமும் பெரும்பாலும் அங்கேதான் கரையும். அந்த ஒன்றரை அடியை நீங்களே கட்டுகிறீர்களா, வேறொருவர் கட்டி உடைத்துத் திருத்தியதை வாங்குகிறீர்களா என்பதை முடிவு செய்துவிட்டால் எந்த இன்ஜின் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நம் வட்டாரத்தில் இந்த ஆசை முளைப்பதில் ஆச்சரியம் இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டைச் சுற்றியும் பிஎச்இஎல்லைச் சுற்றியும் லேத், மில்லிங், ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடி தோல் மெஷின்களுக்கு வெளிநாட்டு உதிரி பாகம் வரும்வரை காத்திருக்காமல் தாங்களே கடைந்து போட்டுப் பழகிய கைகள். அரக்கோணம் பக்கம் வளர்ந்த பிள்ளைகளோ ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து எழும் கடற்படை விமானங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள். தொழிலும் ஆசையும் ஒரே ஊரில் இருக்கின்றன.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒருவரோ இருவரோ உட்காரும் சின்ன விமானம். முழுச் சுமையோடு 450 கிலோவைத் தாண்டாது. 60 முதல் 80 எச்பி வரை போதும். இதற்கு நம் முன்னால் நிஜமாக இருக்கும் வழிகள் நான்கு: சின்ன விமானங்களுக்கென்றே செய்யும் ரோடாக்ஸ் 912 (புதிதோ பழையதோ), பழைய கான்டினென்டல் விமான இன்ஜின், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இன்ஜின், மாருதி கார்களில் வந்த சுசுகி இன்ஜின். மற்றவற்றை இப்போதே ஓரம் கட்டிவிடலாம். அம்பாசிடர் இன்ஜின் வார்ப்பிரும்பு, எடைக்கு ஏற்ற சக்தி இல்லை. புல்லட் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரே ஒரு உதை உதைக்கும். ஷாஃப்ட்டை முறிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. வெளிநாட்டில் பலர் விரும்பும் சுபாரு இன்ஜின், இங்கே செவ்ரோலே ஃபாரஸ்டர் என்ற பெயரில் கொஞ்ச காலம் விற்ற காரில் வந்தது. ஒன்று கிடைத்தாலும் அதற்கு அடுத்த உதிரி பாகம் கிடைக்காது.

வேகம் என்ற சிக்கல்

1929இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் தன் ஏர் கேம்பர் விமானத்தை ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினால் பறக்கவிட்டார். 3.3 லிட்டர் இன்ஜின், 40 எச்பி, அதுவும் 2,200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,200 சுற்று). கியர் எதுவும் இல்லாமல் புரொப்பெல்லரை நேரே கிராங்க்கில் மாட்டிவிட்டார். அந்தக் காலத்துக் கார் இன்ஜின் பெரிதாக, மெதுவாக ஓடியதால் அது முடிந்தது. பின்னால் செஸ்னா 150இல் வந்த கான்டினென்டல் ஓ-200ம் அதே 3.3 லிட்டர்தான். 2,750 ஆர்பிஎம்மில் 100 எச்பி கொடுக்கும், அதிலும் கியர் கிடையாது.

நம் பழைய ஆல்டோ கே10இன் இன்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர். 6,200 ஆர்பிஎம்மில் சுமார் 68 எச்பி. சின்ன இன்ஜின் சக்தி தருவதே சுற்று வேகத்தால்தான். புரொப்பெல்லர் அந்த வேகத்தில் சுற்றக் கூடாது. 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை 6,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 530 மீட்டருக்கு மேல் போகும். ஒலியின் வேகமே சுமார் 350 மீட்டர். நுனி ஒலி வேகத்தை நெருங்கினாலே சத்தம் காதைப் பிளக்கும், இழுவிசை படுத்துவிடும். 2,500 ஆர்பிஎம்மில் அதே நுனி 222 மீட்டரில் சுகமாகப் போகும்.

சரி, இன்ஜினையே 2,700இல் ஓட்டி நேரே மாட்டினால்? அந்த இன்ஜினின் அதிகபட்ச முறுக்குவிசை 90 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,500 ஆர்பிஎம்மில். 2,700இல் கணக்குப் போட்டால் 35 எச்பி கூடத் தேறாது. 68 எச்பி இன்ஜினின் எடையைத் தூக்கிக்கொண்டு அதில் பாதியோடு பறப்பதற்குப் பதில் முதுகில் மாட்டிப் பறக்கும் ஒரு நல்ல பாராமோட்டார் வாங்கிவிடலாம்.

ஆக, வேகத்தைக் குறைக்கும் ரிடக்‌ஷன் டிரைவ் தவிர்க்க முடியாதது. ரோடாக்ஸ் 912இலும் இது உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. 100 எச்பி ரோடாக்ஸ் 1,352 சிசிதான். அதுவும் 5,800 ஆர்பிஎம்மில்தான் முழுச் சக்தி தருகிறது. 2.43க்கு 1 என்ற கியரால் புரொப்பெல்லருக்கு 2,390க்குப் பக்கத்தில் இறக்குகிறார்கள். ‘கார் இன்ஜின் வேகமாக ஓடும், விமான இன்ஜின் மெதுவாக ஓடும், அதனால்தான் நீடிக்கிறது’ என்ற பேச்சு ரோடாக்ஸ் விஷயத்தில் எடுபடாது. கார் இன்ஜினைப் போலவே வேகமாக ஓடிக்கொண்டு, 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால் என்று அது தாக்குப்பிடிக்கிறது. அதில் நீங்கள் காசு கொடுப்பது கியர்பாக்ஸுக்கும், அந்த கியர்பாக்ஸுக்குள் அதிர்வை வாங்கிக்கொள்ள இருக்கும் ஸ்பிரிங், நாய்ப்பல் கிளட்ச் அமைப்புக்கும்தான்.

முறுக்கு அதிர்வு

கிராங்க் ஷாஃப்ட் சீராகச் சுற்றுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது ஒரு துள்ளு துள்ளி, அடுத்த வெடிப்புவரை தளர்கிறது. காரில் இந்தத் துள்ளலை ஃபிளைவீல் வாங்கிக்கொள்ளும், கிளட்ச் பிளேட்டில் இருக்கும் ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை டயர் ரப்பர் விழுங்கிவிடும். விமானத்தில் மறுமுனையில் ரப்பர் டயர் கிடையாது. புரொப்பெல்லர் என்ற கனமான இன்னொரு ஃபிளைவீல் இருக்கிறது. இரண்டு கனமான சக்கரங்களுக்கு நடுவே ஒரு ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட் என்னதான் எஃகாக இருந்தாலும் அது ஒரு ஸ்பிரிங்தான். அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. வெடிப்புகளின் தாளம் அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் முறுக்கு பல மடங்காகப் பெருகும். கணக்குப்படி மூன்று மடங்கு பலமாகச் செய்த ஷாஃப்ட்கூட அந்த ஆர்பிஎம்மில் தொடர்ந்து ஓடினால் சில மணி நேரத்தில் முறிந்துவிடலாம்.

எண்களில் பார்த்தால் தெளிவாகப் புரியும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் நொடிக்கு சுமார் 27, 5,500இல் 183. மூன்று சிலிண்டரில் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. 20 முதல் 137 வரை. உங்கள் ரிடக்‌ஷன் டிரைவின் இயல்பு அதிர்வெண் இந்த எல்லைக்குள் விழக் கூடாது. மேலே தள்ளலாம் என்றால் ஷாஃப்ட் குட்டையாக, பருமனாக, எடையாக ஆகிவிடும். பெரும்பாலும் நடைமுறையில் வேலை செய்வது கீழே தள்ளுவதுதான். ரப்பர் கப்ளிங் போன்ற மெத்தான ஒன்றை நடுவில் வைத்து அதிர்வெண்ணை ஐடிலிங்குக்கும் கீழே இறக்கிவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் ஒரு கணம் அந்த அதிர்வைக் கடந்து போவீர்கள். மூன்று சிலிண்டருக்கு அந்த எல்லை இன்னும் கீழே இருப்பதால் கப்ளிங் இன்னும் மெத்தாக இருக்க வேண்டும். ஆல்டோ இன்ஜினின் குறை அது. இலேசாக இருப்பது அதன் நிறை.

இது சொந்தப் பட்டறைக்காரர்களை மட்டும் படுத்தும் பாடு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் தீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் 1.7 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்து, 135 எச்பி விமான இன்ஜினாக மாற்றி, 2000களின் தொடக்கத்தில் முறையான சான்றிதழும் வாங்கியது. அத்தனை பொறியாளர்கள், அத்தனை சோதனைக்கூடம் இருந்தும், அதன் கியர்பாக்ஸை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றியாக வேண்டியிருந்தது. இன்ஜின் பிளாக் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றரை அடி இடம்தான் பணிமனைக்குப் போய்ப் போய் வரும்.

பெல்ட்டா, கியரா, செயினா? 1903இல் ரைட் சகோதரர்கள் செயினில்தான் பறந்தார்கள், ஆனால் அவர்கள் இன்ஜின் 12 எச்பி. நமக்குப் பல் பெல்ட் நல்லது. அதற்குக் கொஞ்சம் நெகிழ்வு உண்டு, ஆயில் வேண்டாம், தேய்வது கண்ணால் தெரியும், புரொப்பெல்லர் சுற்றும் திசையும் மாறாது. இரண்டு பல்சக்கரம் மட்டும் உள்ள கியர் திசையைத் திருப்பிவிடும், அதற்கேற்ற புரொப்பெல்லர் வாங்க வேண்டும். பெல்ட்டின் கெட்ட குணம், இறுக்கிக் கட்டும்போது கிராங்க்கைப் பக்கவாட்டில் இழுப்பது. அந்த இழுப்பை வாங்கக் கிராங்க் பேரிங்கை நம்பக் கூடாது. கீழ்ப் புல்லிக்குத் தனியாக இரண்டு பேரிங் வைத்து, கப்ளிங் வழியாக மட்டும் கிராங்க்கோடு சேர்க்க வேண்டும். புரொப்பெல்லரின் இழுவிசைக்கும் இதே கதைதான். கார் கிராங்க்கில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங் கிளட்சை மிதிக்கும் அழுத்தத்துக்காகச் செய்தது. முழு நேரமும் விமானத்தை இழுத்துக்கொண்டு போகும் விசையை அதன் தலையில் கட்டினால் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

நம் ஊர்ப் பட்டறையின் பலமும் பலவீனமும் இங்கே வெளிப்படும். காட்பாடியில் ஒரு லேத் பட்டறையில் இப்படியொரு ஷாஃப்ட்டின் வரைபடத்தைக் காட்டினால், “இதுக்கு இஎன்8 போதும் சார், லாரி வேலைக்கே அதான் போடுறோம்” என்பார்கள். “லாரி நின்னா ஓரமா தள்ளிடலாம் பாய், இதை எங்க தள்றது?” என்று சொல்லி, அதைவிடப் பலமான எஃகு வகையான இஎன்24 கேட்டு வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், விட்டம் மாறும் இடத்தில் வளைவு விட்டுக் கடைவது. நம் மேஸ்திரிகள் அளவில் நூலிழை பிசகாமல் கடைவார்கள், ஆனால் படியை மூலைமட்டமாகக் கூராக வெட்டிவிடுவது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். விரிசல் அங்கேதான் பிறக்கும். சாவிக்குழியின் மூலையும் அப்படியே. பழைய கிராங்க்கை கிரைண்டிங்குக்குக் கொடுக்கும்போதும் பேரிங்குக்குள் சுழலும் ஜர்னலின் ஓரத்து வளைவைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்த ஷாஃப்ட்டையும் கிராங்க்கையும் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அமெரிக்காவில் செவ்ரோலே கார்வேர் என்ற ஆறு சிலிண்டர் இன்ஜினைப் பலர் கியர் இல்லாமல் பறக்கவிடுகிறார்கள். அதிலும் கிராங்க்குகள் முறிந்த பிறகுதான் மேற்பரப்பைக் கடினமாக்கும் நைட்ரைடிங் செய்வதும், புரொப்பெல்லர் பக்கம் ஐந்தாவது பேரிங் ஒன்றைச் சேர்ப்பதும் பழக்கத்துக்கு வந்தன.

பீட்டில் இன்ஜினை இங்கே ஏன் தள்ளிவைக்கிறேன்

உலகம் முழுக்க சின்ன விமானங்களில் அதிகம் ஓடிய கார் இன்ஜின் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுடையதுதான். காற்றால் குளிரும், தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, கியர் கிடையாது. 2,180 சிசி வரை பெருக்கி, 3,400 ஆர்பிஎம்மில் சின்ன புரொப்பெல்லரை நேரே மாட்டி 75 எச்பிக்கு மேல் எடுக்கிறார்கள். ஒன்றரை அடிச் சிக்கலையே அது தாண்டிவிடுகிறது. ஆனால் அந்தச் சக்தியைத் தொடர்ந்து வாங்கினால் சிலிண்டர் ஹெட் சூடு தாங்காது. ஏறும்போது முழுச் சக்தி, பிறகு இறக்கிக்கொள்ள வேண்டும். மே மாத வேலூரில் அந்த ‘ஏறும்போது’ என்பதே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பெரிய காரணம் வேறு. பீட்டில் இங்கே பரவலாகச் சாலையில் ஓடிய கார் கிடையாது. ஒவ்வொரு பிஸ்டனும் ஹெட்டும் கப்பலில் வர வேண்டும். மலிவு, எங்கும் கிடைக்கும் என்ற இரண்டு காரணங்களுக்காகத்தான் ஊர் உலகம் அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த இரண்டும் இங்கே செல்லாது. இறக்குமதி செய்வதானால் ரோடாக்ஸையே இறக்குமதி செய்துவிடலாமே. பழைய கான்டினென்டலுக்கும் இதே பதில். பேட்டரி இல்லாமலே பொறி தரும் மக்னீட்டோ, இரட்டை ஸ்பார்க் பிளக், பல பத்தாண்டுப் பெயர் எல்லாம் உண்டு. ஆனால் எடை கூடுதல், உதிரி பாகம் டாலரில்.

மாருதியில் எது?

வெளிநாட்டு வரைபடங்களைப் பார்த்து இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜியோ மெட்ரோ என்று விற்ற காரின் சுசுகி ஜி10 இன்ஜின் அங்கே பல விமானங்களில் ஓடுகிறது. அது மூன்று சிலிண்டர். நம் மாருதி ஜென்னில் வந்த 993 சிசி ஜி10பி, பெயரில் ஒற்றுமை இருந்தாலும் நான்கு சிலிண்டர். அந்த ரிடக்‌ஷன் டிரைவின் வரைபடம் இதற்குப் பொருந்தாது. ஏன் என்பதற்கு மேலே போட்ட கணக்கே போதும்.

என் விருப்பம் ஜிப்சி கிங்கில் வந்த 1,298 சிசி ஜி13பிபி. 16 வால்வு, சுமார் 80 எச்பி, அலுமினியம் பிளாக். ராணுவம் நெடுங்காலம் ஓட்டிய வண்டி என்பதால் அதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் போடும் மெக்கானிக்குகள் உண்டு. அதன் நான்கு சிலிண்டர் தாளம் மெத்தான கப்ளிங்கோடு எளிதாக ஒத்துப்போகும். 5,000க்குள் ஓட்டினாலே 60 எச்பிக்கு மேல் கிடைக்கும், அதை அதற்குமேல் விரட்டத் தேவையில்லை. கே10 இலேசானது, டைமிங் செயின் கொண்டது. ஒருவர் மட்டும் உட்காரும் விமானத்துக்கு அது போதும். டிராட்டிலையே மின்சாரத்தால் இயக்கும் புதிய வகைகளைத் தவிருங்கள். கேபிள் டிராட்டில் உள்ளதையே தேடி எடுங்கள்.

ரிடக்‌ஷன், ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் ஜி13 ரோடாக்ஸை விட இருபது, முப்பது கிலோ கூடும். மூக்கில் ஏறும் எடையைச் சும்மா விட முடியாது. ஈர்ப்பு மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால் 25 கிலோ கூடினால் மூக்கைக் கீழே அழுத்தும் முறுக்கு 30 கிலோ-மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 25 கிலோ பெருக்கல் 1.2 மீட்டர். எட்டு கிலோ பேட்டரியை இரண்டு மீட்டர் பின்னால் தள்ளினால் சரியாவது 16தான். மீதிக்கு இன்ஜினையே உள்ளே இழுக்க வேண்டும், அல்லது விமானத்தின் வடிவமைப்பிலேயே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

சூடு, மின்சாரம், பெட்ரோல்

காரில் இன்ஜின் எவ்வளவு சோம்பேறித்தனமாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நெடுஞ்சாலையில் எண்பதில் வரும் ஆல்டோவுக்கு இருபது எச்பி கூடத் தேவைப்படாது. விமானத்தில் முக்கால் பங்கு சக்தி இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் நிறைந்த வண்டியில், இறக்கமே இல்லாமல், ஒரு மணி நேரம் ஏறிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. அந்த வெப்பத்தை வாங்க காரின் ரேடியேட்டரே போதும் என்று நினைப்பதில்தான் பல கட்டுமானங்கள் முதல் நாளே ஆவி விட்டிருக்கின்றன. ரேடியேட்டர் பெரிதாக இருப்பதைவிட, அதற்குள் போகும் காற்றின் வழி படிப்படியாக விரிந்து, வெளியேறும் வழி தாராளமாக இருப்பது முக்கியம். மெதுவாக, முழுச் சக்தியோடு ஏறும் நேரம்தான் மோசமான நேரம். குளிர்காலக் காலையில் சரியாக ஓடியதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர். மே மாதத்தில் 40 டிகிரி ஏறும்போது இங்கே தரையில் இருக்கும் காற்று, 3,900 அடி உயரத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு மெலிந்திருக்கும். இன்ஜினின் சக்தியில் சுமார் பத்து சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் அதே இழப்பு. இது ரோடாக்ஸுக்கும் பொருந்தும்.

மின்சாரத்தில் ரோடாக்ஸ் தெளிவாக ஜெயிக்கிறது. கார்புரேட்டர் வைத்த 912இல் இரண்டு தனித்தனி இக்னிஷன். அதற்கான மின்சாரத்தை அதுவே தயாரித்துக்கொள்ளும். பேட்டரி செத்தாலும் ஓடும். மாருதி இன்ஜினில் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் போனால் இன்ஜினை இயக்கும் கணினியான இசியு போகும், பெட்ரோல் பம்ப் போகும், அத்தோடு எல்லாம் நிற்கும். கம்பெனி இசியுவை அப்படியே வைத்தால் இன்னும் விசித்திரங்கள் உண்டு. புதிய கார்களில் சாவியின் சிப் தெரியாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. ஏதாவது சென்சார் பழுதானால் இன்ஜினைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாலையில் அது புத்திசாலித்தனம். தென்னந்தோப்புக்கு மேல் 300 அடியில் இன்ஜின் எரிந்துபோனாலும் பரவாயில்லை, இன்னும் ஒரு நிமிடம் ஓடினால் போதும் என்றுதான் நமக்கு இருக்கும். ஆகவே நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய தனி இசியு, இரண்டு பேட்டரி, இரண்டு பெட்ரோல் பம்ப். செலவுக் கணக்கில் இந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் நிலைமை தலைகீழ். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. ரோடாக்ஸ் 912க்கு அதன் தயாரிப்பாளர் அனுமதிப்பது பத்து சதவீதம் வரைதான். விமானங்களுக்கான அவ்கேஸ் போடலாம், ஆனால் அதில் இருக்கும் ஈயம் கியர்பாக்ஸிலும் ஆயில் டேங்க்கிலும் படியும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்கும் சரக்கு இல்லை. தனி இசியு போட்ட ஜி13ஐ எத்தனாலுக்கு ஏற்பச் சரிசெய்து ஓட்டலாம். லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். இன்ஜினைவிட டேங்க்கில்தான் கவனம் வேண்டும். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் சில வகை ஃபைபர் டேங்க்கின் ரெசினையும் இளக்கும், தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினிய டேங்க், எத்தனால் தாங்கும் ஹோஸ், அதையும் எக்ஸாஸ்ட்டுக்குத் தள்ளி. வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, டேங்க்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் கட்டாயம்.

யாருக்கு எது

பறக்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் ரோடாக்ஸ். பழையதாக இருந்தாலும், ஓட்ட மணி நேரக் கணக்கு எழுதிவைத்த ஒன்றைத் தேடி வாங்குங்கள். விமானப்படைக்கும் கடற்படைக்கும் என்சிசிக்கும் சேர்த்து 2015இல் ஒப்பந்தமான 194 பிபிஸ்ட்ரெல் வைரஸ் விமானங்களில் இருப்பதும் 80 எச்பி ரோடாக்ஸ் 912தான். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். ஜிப்சி இன்ஜினின் ரிடக்‌ஷன் டிரைவைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

கட்டுவதில்தான் ஆனந்தம், பறப்பது எப்போது வந்தாலும் சரி என்பவருக்கு ஜி13. ஆனால் விமானத்தைத் தொடாமல் முதலில் இன்ஜினைக் கட்டுங்கள். டிரெய்லரில் இறுக்கிக் கட்டிய ஸ்டாண்டில், ரிடக்‌ஷனோடும் நிஜ புரொப்பெல்லரோடும், ஐம்பது மணி நேரமாவது ஓட்டுங்கள். மர புரொப்பெல்லர் நல்லது. உலோகத்தைவிட எடை குறைவு, அதிர்வையும் மட்டுப்படுத்தும். பாலாறு காய்ந்துதானே கிடக்கிறது என்று மணலில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், புரொப்பெல்லரின் முன்விளிம்பை மணல் அரைத்துத் தின்றுவிடும். எந்த ஆர்பிஎம்மில் ஸ்டாண்ட் நடுங்குகிறது, எங்கே பெல்ட் ஊளையிடுகிறது என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். அமெரிக்க விதிப்படி, சான்றிதழ் பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் கொண்ட சொந்தக் கட்டுமான விமானத்துக்குச் சோதனைப் பறப்பு 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40. அந்தக் கூடுதல் 15 மணி நேரத்தை நம் ஆட்கள் தரையிலேயே பல மடங்கு செலவழிப்பது நல்லது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவும் பறப்பு அனுமதியும் இல்லாமல் சக்கரம் தரையை விட்டு எழக் கூடாது. மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் தன் குடியிருப்பின் மொட்டைமாடியில் கட்டிய ஆறு பேர் விமானத்தை 2016 பிப்ரவரியில் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் நாடே பார்த்தது. பதிவு எண் கைக்கு வந்தது 2017 நவம்பரில். நமக்குப் பக்கத்திலேயே ராஜாளியின் வான்பரப்பும் இருப்பதால், எங்கே பறக்கலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சான்றிதழ் இல்லாத கார் இன்ஜின் என்றால் அதிகாரிகள் கேட்கும் முதல் காகிதம் அந்த ஸ்டாண்ட் ஓட்டத்தின் நோட்டாகத்தான் இருக்கும் என்று எண்ணியே எழுதத் தொடங்குங்கள்: தேதி, வெளி வெப்பம், ஆர்பிஎம், தண்ணீர்ச் சூடு, ஆயில் அழுத்தம், பெல்ட்டின் தொய்வு.